புறாக்காரன் சாட்சி

ஆதார் மாதம், இருபத்தொன்பது.
பந்தயத்துக்கு விட்ட சாம்பல் பெட்டை
பொழுது சாய்ந்தும் கூடு திரும்பவில்லை.
அண்ணாந்து தேடிய கண்ணில்
நகக்கீறலாய்ப் பிறை.

இரவெல்லாம் நடந்து எருசலேம் சேர்ந்தேன்.
முற்றத்தில் சோறு போட்டுத்தான் கேட்டார்கள்:
எவ்வளவு உயரம்? கொம்பு எந்தப் பக்கம்?
பிசகாமல் சொன்னேன்.
தொழில்?
புறாப் பந்தயம்.

சூதாடி கண்ட பிறை செல்லாதாம்.
அன்று வேறெவனும்
வானத்தைப் பார்த்திருக்கவில்லை.
நிசான் ஒரு நாள் தள்ளிப் பிறந்தது.

பஸ்கா இரவு.
ஊர் சொன்ன நாளில், ஊரோடு உட்கார்ந்து
புளிப்பில்லா அப்பம் பிட்டேன்.
"முழுநிலா!" என்றான் பக்கத்து வீட்டு யாக்கீம்.

ஆமாம் என்றேன்.
மேல் விளிம்பில் நகத்தளவு
தேய்ந்திருந்தது.