டிம்மர்

அல் கூஸில் இடப்பக்கம் சலவைக்கல் அறுக்கிற பட்டறை,
வலப்பக்கம் டயர்க்கடை.
நடுவில் வெள்ளையடித்த ஒரு கிடங்கு.
அதற்குப் பெயர் கேலரி.

செப்டம்பர் பிறந்தும் நாற்பத்திரண்டு டிகிரி.
முப்பத்தொரு பெட்டிகள்.
மரச்சுருளுக்குள் ஜப்பானியச் செய்தித்தாள்,
அதற்குள்
எடையே இல்லாத மாதிரி ஒரு பீங்கான்.
முதல் விளக்கைத் தூக்கிய தில் பகதூரின் கை
நினைத்ததைவிட மேலே போய்விட்டது,
மூட்டைக்குத் தயாராயிருந்த கை.

"உடைச்சா உன் மூணு வருஷம்"
என்றார் ஃபோர்மேன் ஜரீன் கான்.
விலைப்பட்டியலைப் பிறகு பார்த்தேன்.
அவர் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்.

வெள்ளைக் கையுறை தந்தார்கள்.
அதைப் போட்டுக்கொண்டு ஸ்க்ரூ முடுக்குவது
கொசுவலைக்குள் இருந்துகொண்டு
வெளியே இருக்கிற ஊசியில் நூல் கோர்ப்பது.

நான் ஏணிமேல்.
கீழே மகிஹாரா,
மடித்துவிட்ட காற்சட்டை, காதில் பென்சில்.
"மோ சுகோஷி" என்றார்.
மோர், சுகம் என்று என் காதில் விழுந்தது.
அந்த வெக்கையில் வேறென்ன விழும்?
டிம்மரை ஏற்றினேன்.
கையை வேகமாக ஆட்டினார்.
ஜப்பானில் படித்த ரீமா ஓடிவந்து சொன்னாள்:
இன்னும் கொஞ்சம் என்கிறார்,
இன்னும் கொஞ்சம் கீழே.

இறக்கினேன்.
மோ சுகோஷி.
இறக்கினேன்.
மோ சுகோஷி.
இதுக்குமேல் இறக்கினா இருட்டுதான் மேடம்.
அந்த ஓரத்தில் நிறுத்தச் சொன்னார்.

பத்தொன்பது வருடமாக லக்ஸ் கணக்கில் பிழைக்கிறவன் நான்.
மாலில், விமான நிலையத்தில், அடித்தளப் பார்க்கிங்கில்
ஒரு நிழல் மிச்சமில்லாமல் ஒளியைக் கொட்டிவிட்டு
சான்றிதழில் கையெழுத்து வாங்கியவன்.
போதாமல் நிறுத்தச் சொல்லி
யாரும் காசு கொடுத்ததில்லை.

பதினேழாம் விளக்கு
அணைந்திருக்கும்போது வெறும் சுண்ணாம்பு டப்பா.
எரிந்ததும் அதன் அடிவயிற்றில்
ஒரு கட்டைவிரல் ரேகை,
மெல்லிய தோசையில் கரண்டி சுற்றிய தடம் மாதிரி.
சின்ன விரல்.
வீட்டில் குழந்தை ஏதும் தொட்டுவிட்டதா என்றேன்.
ரீமா கேட்டுச் சொல்வதற்குள்
மகிஹாரா தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்தார்.
அதே சுழி.
கொஞ்சம் பெரிது.
சூளையில் எல்லாமே சுருங்குமாம்,
ஆறில் ஒரு பங்கு,
சுவரும் விளிம்பும் தொட்ட தடமும்.

எங்க கம்பெனியிலயும் பிடித்தம் அப்படித்தான்
என்று தமிழில் சொன்னேன்.
தில் பகதூர்கூடச் சிரிக்கவில்லை.

திறப்பு நாள்.
கந்தூராக்கள், உயர்குதிச் செருப்புகள்,
தட்டில் பேரீச்சம்பழம்.
வெளிச்சம் குறைந்ததால் குரல்களும் குறைந்துவிட்டன,
அடுத்த கடையில் டயருக்குக் காற்றடிப்பது கேட்டது.
சுவிட்சுப் பெட்டிப் பக்கம் நான்.
பதினேழை வாங்கப்போகிறவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்:
"கொஞ்சம் ஏத்து."
விரல் போய்விட்டது, பழக்கம்.
மகிஹாரா ஒன்றும் சொல்லவில்லை,
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
டிம்மர் ரிப்பேர் சார் என்றேன்.
நல்ல ஜெர்மன் டிம்மர்.
நானே மாட்டியது.

பதினொன்றரைக்கு சோனாப்பூர்.
கேம்ப் வாசலில் வருகைப்பதிவு மெஷின்.
கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு.
சட்டையில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
சிமெண்டும் சால்டரிங்கும் தின்றுபோட்ட விரல்,
எந்த மாதத்தில் ரேகை போனதென்று நினைவில்லை.
கண்ணாடிக்கு அடியில் இருக்கிற விளக்கு
நகத்தோரம் கசிந்து தெரிந்தது.
அழுத்தினேன்.
மோ சுகோஷி, என்றேன் அதனிடம்.

வரிசையில் பின்னால் நின்ற
அறந்தாங்கிக்காரன் கேட்டான்:
"எங்கண்ணே மோர்?"