நாலாம் பிரிவு

கார்த்திகை அடைமழை. மூன்றாம் நாள்.
கோனாப்பட்டில் மெத்தைதோறும் கிடக்கும் சோலார் தகடுகள்
சோறு விழாத தட்டுகளாய் நனைகின்றன.

திரையில் பேட்டரி முப்பத்தொன்று.
ஊரணியில் தண்ணீர் இறங்க இறங்கப் படி தெரியுமே,
அப்படித்தான் இதுவும்.
முப்பதுக்குக் கீழே மாவு மில் நிற்கும்.
இருபத்தைந்தில் தெருவிளக்கு.
இருபதில் எல்லாமே,
ஆஸ்பத்திரியின் தடுப்பூசிப் பெட்டியும்
சவரியம்மாள் மூச்சுக்கு ஆக்சிஜன் தரும் மெஷினும் தவிர.
பட்டியல் எழுதியவள் நான்தான்.
சித்திரையில் எழுதினேன், வியர்த்துக்கொண்டு.

இருபத்தொன்பது. மில் நின்றது.
பஞ்சவர்ணம் குடையில்லாமல் வந்தாள்.
அந்த மழையிலும் கரையாத மாவு அவள் புருவத்தில்.
"விடிஞ்சா கல்யாணம். இன்னும் நாற்பது கிலோ கிடக்கு."
பகல் பதினொன்றுக்கே அரைக்கச் சொன்னேனே என்றேன்.
"பகல் எங்கே வந்துச்சு?"

பிறகு திரையில் விரல் வைத்தாள், ஈர விரல்.
"இம்புட்டுத் தடியா ஓடுதே, யாரு இது?"

மு.அரு.வெ. வீடு.
உள்ளே ஆள் இல்லை. அறுபத்திரண்டு விளக்கு,
கோலாலம்பூரில் ஒருவர் கேமராவில் பார்ப்பதற்காக.
ஊர்த் தகடுகளில் பாதி அவர் மெத்தையில்.
ஒப்பந்தம், நாலாம் பிரிவு:
இவ்விணைப்பை எக்காரணம் கொண்டும் துண்டிக்கலாகாது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
முந்தானையைப் பிழிந்தாள், என் தரையிலேயே.

துண்டித்தேன்.

நாற்பது விநாடிதான் இருக்கும். போன்.
"வீட்டைக் காணோம்!"

இங்கேதான் இருக்குங்கய்யா. மழையில நிக்குது.
இருட்டா இருக்கு, அவ்வளவுதான்.

அதற்குள் அவள் ஓடிப்போய் மில்லைப் போட்டுவிட்டாள்.
அதிர்வெண் ஐம்பதிலிருந்து குனிந்தது,
மூட்டை ஏற்றிய கழுத்து போல,
பிறகு மெல்ல நிமிர்ந்தது.
சுமை என்று பேர் வைத்தவன்
என்றோ ஒருநாள் தூக்கியிருக்க வேண்டும்.

போனில் அவர் போகவில்லை.
திட்ட மூச்சுப் பிடிக்கிறார் என்று காத்திருந்தேன்.
"அது என்ன சத்தம்?"
மாவு மில்லுங்க. கல்யாண மாவு.
"யார் வீட்டில்?"
சொன்னேன். அவருக்குத் தெரியாத பெயர்.
நாலாம் பிரிவைப் பற்றி நாளை பேசுவோம் என்றார்,
குரலில் வக்கீல் வந்து உட்கார்ந்திருந்தார்.
ஆனால் போனை வைக்கவில்லை.

அங்கே அவர் கறுப்புத் திரையைப் பார்த்தபடி.
இங்கே நான் எண்ணை.

இருபத்தெட்டு.