வடிகால் இயங்குகிறது

கோத்தகிரியில் இரவு பதினொன்றரை.
சுவரில் தொங்கும் வெப்பமானி பன்னிரண்டு காட்டுகிறது.
மேசைமேல் இருப்பது தொண்ணூற்றேழு.

எனக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர், காலில் கம்பளி.
அதற்கு மூச்சு வாங்குகிறது
கொண்டை ஊசி வளைவில்
இரண்டாம் கியரில் திணறும் மேட்டுப்பாளையம் பஸ்ஸாக.

ஒரு மலைச்சரிவை அதற்குள் ஏற்றியிருக்கிறேன்,
நாற்பது லட்சம் கட்டங்களாக வெட்டி.
மேலே செம்மண், நடுவே களி, அடியில் பாறை.
மூன்று நாள் மழையைப் பெய்யவிட்டு
எந்தக் கட்டம் எப்போது நழுவும் என்று கேட்டேன்.
அடிவாரத்தில் இருபத்திரண்டு வீடுகள்.
திரையில் அவை சாம்பல் நிறப் பெட்டிகள்.
காலை பத்து மணிக்குக் கூட்டம்.

மீதம் ஒன்பது மணி நேரம் என்றிருந்தது.
சூடு தாளாமல் வேகத்தைத் தானே பாதியாக்கிக்கொண்டு
பதினேழு என்றது இப்போது,
முகம் பார்க்காமல்.

சன்னலைத் திறந்தேன்.
வெளியே இவ்வளவு குளிர் சும்மாதானே கிடக்கிறது.
வந்தது குளிரல்ல, மூடுபனி,
செருப்பைக் கூடக் கழற்றாமல்.
திரையின் முதுகில் பொடிப்பொடியாய் ஈரம்.
சாத்திவிட்டு முந்தானையால் துடைத்தேன்.

"உனக்கென்ன, ஊரே ஏசி" என்பார்கள் ஈரோட்டில்.
இங்கே எந்தக் கடையிலும் மேசை விசிறி கிடையாது.
கேட்டால் என்னை ஒருமாதிரி பார்ப்பார்கள்.
வர்க்கி டப்பா இரண்டைப் பின்காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.
மூன்று டிகிரி இறங்கியது.
மூன்றே மூன்று.

பஸ் நிலையத்தருகே போன் பழுது பார்க்கும் ஜெனிட்டா
நாலாவது மணியில் எடுத்தாள், தூக்கக் குரலில்.
"வீடு டீ ஃபாக்டரிக்குப் பக்கமாக்கா?"
சுவருக்கு அந்தப் பக்கம்தான்.
"அப்ப பனிய விடுங்க. கணக்கைச் சேமிச்சு நிறுத்துங்க.
கவுத்துப் போட்டுத் திறங்க."

பத்துத் திருகுகள் எளிதில் வந்தன.
பதினொன்றாவது ரப்பர் பாதத்துக்கு அடியில்
ஒளிந்திருந்தது.

விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில்
ஒரு மெத்தை.
தேயிலைப் பஞ்சு, ஸ்வெட்டர் நூல்,
எப்போதோ வந்துபோன பூனையின் முடி.
புருவச் சாமணத்தால் இழுத்தேன்.
கிழியாமல் முழுசாக வந்தது.
மோந்து பார்த்தால்
அடுப்பில் மறந்துபோன டிக்காஷன்.

உள்ளே குறை ஏதுமில்லை.
விசிறி சுற்றத்தான் சுற்றியது.
வெளியே போக வழியில்லாமல்
தன் சூட்டையே தான் குடித்துக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்க
மத்தியானம் ஞாபகம் வந்தது.
தடுப்புச் சுவரின் குழாய்த் துளை ஒன்றில்
குச்சியை விட்டுக் காட்டினாள் ஹாலம்மா,
இருபத்திரண்டில் ஏழாவது வீட்டுக்காரி.
குச்சி பாதியில் நின்றது.
"மூணு வருசமா ஒரு சொட்டு வரல மேடம்.
மழை மட்டும் வருது."
நான் தலையாட்டினேன். படம் எடுத்தேன்.
பழைய வரைபடத்தைப் பார்த்துக் கோப்பில் எழுதியதோ
வடிகால்: இயங்குகிறது.

பதினொரு திருகுகளையும் பூட்டினேன்.
சேமித்த கணக்கை அழித்தேன்.
அழிக்கவா என்று அது இருமுறை கேட்டது.
இயங்குகிறது என்ற இடத்தில்
அடைப்பு என்று போட்டு
முதல் துளியிலிருந்து மழையைத் தொடங்கினேன்.

மணி ஒன்று ஐந்து.
எழுபத்தெட்டு டிகிரி.
மீதம் எட்டு மணி இருபது நிமிடம்.
கூட்டத்துக்குப் போகும் ஜீப்பில்தான்
முடிவைப் படிக்க வேண்டியிருக்கும்.

பக்கவாட்டில் சூடான காற்று சீராக வெளியேறுகிறது.
அதில் விரல்களைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
தகரத்தில் நிஜ மழை விழத் தொடங்கிவிட்டது,
என் கணக்கில் இல்லாத மழை.

பஞ்சு உருண்டையைக் குப்பையில் போடவில்லை.
முட்டு இனித் தேவையில்லை.
ஒரு டப்பாவை உருவி அதில் போட்டு
மூடி வைத்திருக்கிறேன்,
கூட்டத்துக்கு.