தண்ணீர் வராத வாரம்

விளக்கு எரிய மின்சாரம் மட்டும் போதாது.
பாதரச விளக்கின் உறையைச் சுற்றி
தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்,
நின்றால் தானே அணைந்துகொள்ளும்.
மே மூன்றாம் வாரம்
கிண்டி வளாகத்தின் குழாய்களில் காற்று இருமியது.
லாரி வந்தால் விடுதிக்குத்தான் முதலில்.
குளிக்கிற தண்ணீரை ஒரு விளக்குக்குத் தாருங்கள் என்று
யாரிடம் போய்க் கேட்பது?

பிரிசில்லா சொன்னாள்:
மேல ஒண்ணு எரியுதே,
அதுக்குத் தண்ணி வேணாமே.

அரை கிராம் டையீனோன்.
ஆறு வாரம் வடித்துப் படிகமாக்கியது.
விளக்கடியில் வைத்த நான்கு தடவையும்
கருப்பட்டிப் பாகாய்த் திரும்பி வந்தது.
மிச்சத்தை பென்சீனில் கரைத்து
நைட்ரஜன் ஊதி, மூடி,
அலுமினியத் தாளில் சுற்றி
இருட்டோடு இருட்டாக மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன்.
தாளைப் பிரித்தபோது
கண் கூசியது எனக்குத்தான்.

காவலர் தணிகாசலத்துக்கு என் வயதிருக்கும்.
தொட்டி நிழல் நகர நகர
ஸ்டாண்டை வெயிலுக்குள் இழுத்துவைப்பார்,
பளபளத்த தாளைக் கொத்தவரும் காக்கையை
விசிலடித்து விரட்டுவார்.
மூன்றாம் நாள் கேட்டார்:
உள்ள என்னதான் மேடம் நடக்குது?

வேதியியல் சொல் எதுவும் வாயில் வரவில்லை.
தரைத் தூசியில் விரலால் வரைந்தேன்:
ஆறு மூலை அறை ஒன்று.
வெளிச்சம் பட்டதும்
நடுவில் ஒரு சுவர் எழும்பும்,
ஐந்து மூலையில் ஓர் அறை,
மூன்று மூலையில் ஓர் அறை,
இடையில் பொதுச்சுவர்.
எதுவும் உள்ளே வருவதில்லை, எதுவும் வெளியே போவதில்லை.
எடை போட்டால்
முன்பும் இருநூற்று நாற்பத்தாறு, பின்பும் அதே.

அப்போ பார்ட்டிஷன், என்றார்.
பட்டாளத்துல எங்க வீடும் அப்படித்தான்,
அண்ணன் கல்யாணத்தப்போ ப்ளைவுட் அடிச்சாங்க.
ஆளு அதே ஆளுதான்.
கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு
மூணு மூலைதான் நமக்கு வந்துச்சு, என்றார்.

அந்தச் சின்ன வளையத்தில்
கோணங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும்,
எந்நேரமும் விரியப் பார்க்கும் என்பதை
நான் அவரிடம் சொல்லவில்லை.
தெரிந்திருக்கும்.

ஐந்தாம் நாள் சாயங்காலம்
சிலிக்கா தகட்டில்
ஒரே புள்ளி.
நம்பாமல் மறுபடி ஓட்டினேன்.
ஒரே புள்ளி.
பாகு இல்லை, கருப்பு இல்லை.
விளக்கு அவசரக்காரி,
பிறந்ததையும் விடாமல் சுட்டுத் தீய்த்திருக்கிறாள்.
வெயிலின் கடுங்கதிர்களை
காற்றும் கண்ணாடியும் வழியிலேயே வடித்துவிட,
இந்த ஊரைப் பொசுக்கியெடுத்த அதே வெயில்
என் குழாய்க்குள் மட்டும்
பாதியில் நிறுத்தத் தெரிந்துகொண்டது.

பிரிசில்லாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.
கீழே தண்ணீர் லாரியின் ஹாரன்,
குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம்.
ஓடிப்போய் நானும் வரிசையில் நின்றேன்,
கையுறையைக் கழற்ற மறந்து.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஒளிமூலம், சூரியன்.
நேரம், முப்பத்தொரு மணி, ஐந்து பகல்களில்.
குளிர்விப்பு, கடற்காற்று,
இரண்டு மணிக்கு மேல், வந்தால்.

நெறியாளர் கடைசி வரியைப் பென்சிலால் அடித்து
ஓரத்தில் 'வெப்பநிலை?' என்று கேட்டிருந்தார்.
காற்று வராத நாட்களும் இருந்தன.
இன்னும் நிரப்பவில்லை.