ஏழாவது வளைவு

ஒஃபேலியாவின் கேக்குகள்
ஏழாவது வளைவில்தான் சாய்கின்றன.
போன மாதம் மட்டும் மூன்று.
"நொயெமி, நீ பார்த்த ஏ.சி. வேலை சுத்தப் பித்தலாட்டம்"
என்று சாவியை என் மேசையில் எறிந்தாள்.

மெஹிகாலியில் ஜூலை.
வெயிலில் கிடந்த ஸ்பானரை வெறுங்கையால் தொட முடியாது.
வாயு சரி. பெல்ட் சரி. கம்ப்ரசர் சரி.
பட்டறை நிழலில் நின்றபடி
வண்டி மீன்கடை ஐஸ் பெட்டிபோல் குளிர்ந்தது.

சரி, நானே வருகிறேன் என்றேன்.

காலை பதினொரு மணி. பின்னிருக்கையில்
மூன்றடுக்கு, வெள்ளை வெண்ணெய்ப் பூச்சு,
உச்சியில் சர்க்கரை மாப்பிள்ளை, சர்க்கரைப் பெண்.
என் மடியில் ஸ்கேனர்,
அதன் வால் ஸ்டியரிங்குக்கு அடியில்.

உப்புப் பூத்த வறண்ட ஏரியைத் தாண்டியதும்
சாலை மலையை நோக்கித் தலைதூக்கியது.
ருமொரோசா.
யாரோ கொட்டிவிட்டு, அள்ள மறந்துபோன பாறைகள்.
வளைவுக்கொரு சிலுவை.

வெங்காய லாரி ஒன்றை முந்த
ஒஃபேலியா மிதியைத் தரையோடு அழுத்தினாள்.
த்ராட்டில் தொண்ணூற்று நான்கு.
எஞ்சின் தண்ணீர் நூற்றுப் பதினோரு டிகிரி.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
ஏ.சி. கேட்கப்பட்டது, ஆம்.
ஏ.சி. கொடுக்கப்பட்டது, இல்லை.

டக்.

கிளட்ச் கைவிடும் அந்தச் சத்தம்
எனக்குப் பழகியதுதான். ஆனாலும்
நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது
யாரோ தும்மியதுபோல் இருந்தது.

ஒஃபேலியா பொத்தானைக் குத்தினாள்.
மறுபடியும் குத்தினாள்.
"விளக்கு எரியுதே!"
எரியும்.
அது நீ மனுக் கொடுத்ததற்கு ரசீது.
மனு நிறைவேறியதற்கு இல்லை.

கால்மிதிக்குப் பக்கத்தில், கம்பளத்துக்கு அடியில்
கையகல அலுமினியப் பெட்டி.
அதற்குக் கல்யாணம் தெரியாது. வெண்ணெய் தெரியாது.
ஏற்றத்தில் ஒரு குதிரையையும்
குளிருக்கு விட்டுத்தரக் கூடாது,
தண்ணீர் கொதித்தால் நடுவழி,
இவ்வளவுதான் தெரியும்.
ஒரு நொடியில் கணக்குப் பார்த்து
எங்கள் வியர்வையை எங்களிடமே ஒப்படைத்துவிட்டது.

பின்னால் வெண்ணெய் மினுங்கத் தொடங்கியது.

"காலை எடு."
"லாரி..."
"போகட்டும். காலை எடு."

எடுத்தாள். இரண்டாவது கியர்.
வெங்காய நாற்றத்துக்குப் பின்னால் ஊர்ந்தோம்.
அறுபது. நாற்பத்தைந்து.
நூற்றெட்டு. நூற்றைந்து.
ரேஷன் கவுன்டரில் முத்திரை விழக் காத்திருப்பவள்போல
அந்தப் பொடி எழுத்தையே பார்த்திருந்தேன்.
ஒஃபேலியா மூச்சைக்கூட மிதமாகத்தான் விட்டாள்.

டக்.

குளிர் முதலில் அவள் விரல் கணுக்களில் விழுந்தது.

தெகாத்தேவில் பெட்டியைத் திறந்தபோது
நடு அடுக்கு லேசாகச் சாய்ந்திருந்தது.
அந்தப் பக்கம் மூன்று ரோஜாக்களைச் செருகி
அலங்காரம் என்று சொல்லிவிட்டாள்.
சர்க்கரை மாப்பிள்ளையின் தொப்பி
உருகிக் கண்வரை வந்திருந்தது.
பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எவ்வளவு தரணும்?"
நான் எதையும் பழுதுபார்க்கவில்லையே, என்ன கேட்பது?
ஒரு துண்டு மிச்சக் கேக் கொடுத்தாள்.

திரும்பும்போது இறக்கம் முழுக்க
எஞ்சினுக்கு வேலையே இல்லை.
கேட்டதையெல்லாம் பெட்டி வாரிக் கொடுத்தது.
கை விறைத்து, கடைசியில்
ஒஃபேலியா ஜன்னலை இறக்கிவிட்டாள்.