ஐஸ் பெட்டி

கயிற்றைப் பிடித்தால் கை சுடுகிறது,
விட்டால் குவானாக் மலை வழுக்குகிறது.
காலை ஒன்பதுக்கே முப்பத்தைந்து டிகிரி.
கீழே சோல் நகரம்
கானலில் நெளிந்துகொண்டிருக்கிறது.

எனக்கு முன்னே ஒருவர்,
முதுகில் வெள்ளைத் தெர்மகோல் பெட்டி.
பியோங்தே என்றார்.
நான் கேட்டது பெயரை அல்ல,
இன்னும் எவ்வளவு தூரம் என்று.

பெட்டியின் மூலையில் ஒரு சொட்டு ஊறி
படியில் விழும்.
என் ஷூ எட்டுவதற்குள் காய்ந்துவிடும்.
அடுத்தது.
ஒன்றையாவது மிதித்துவிட வேண்டுமென்று
நடையை எட்டிப்போட்டேன்.
எழுநூறு படிகள்.
ஒரு சொட்டுகூட அகப்படவில்லை.
சிள்வண்டுகள் மட்டும்
மூச்சு வாங்காமல் கத்தின.

உச்சியில் மூடி திறந்தது.
வெள்ளையாக ஒரு ஆவி எழுந்து
நாங்கள் பார்க்கும்போதே இல்லாமல் போனது.
முலாம்பழ ஐஸ், இரண்டாயிரம் வொன்.
கீழே எழுநூறுதானே என்றேன், வெட்கமில்லாமல்.
"கீழே போய் வாங்கிக்கொள்ளுங்கள்,
நான் இங்கேயே இருப்பேன்."

வாங்கினேன்.
பாதி வாய்க்கு, பாதி முழங்கைக்கு.

பதினொன்றுக்குள் எல்லாம் விற்றுவிட்டது.
தனக்கென்று ஒன்றும் எடுத்துவைக்கவில்லை அவர்.
குனிந்து,
காலிப் பெட்டிக்குள் தலையை விட்டு,
கொஞ்ச நேரம்
அப்படியே இருந்தார்.