பக்கம் 206 / 412

ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்
நின்றுபோயிருக்கிறது மின்தூக்கி.
உள்ளே ஆளில்லை.
யாரோ மறந்துவிட்ட ஒரு கட்டு கைலான் கீரை மட்டும்.

ஈசூனில் மழை.
கூரைக்கு அடியில், மோட்டார் அறையில்,
சிக்னல் ஏறிவராத உயரத்தில் நான்.
முழங்கால் மேல் டேப்லெட்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேடு
திறந்ததும் கேட்கிறது:
விட்ட இடத்திலிருந்து தொடரவா?

நான் எதையும் விடவில்லையே.
இந்தக் கருவி என் கைக்கு வந்தே மூன்று நாள்.
விட்டது வேறு ஆள்.

வேண்டாம் என்று தொட்டேன்.
தேடும் கட்டத்தில் 'பிழை 37' என்று அடித்தேன்.
பொருந்தியவை: 0.
இடைவெளி இல்லாமல் அடித்தேன். 0.
நடுவில் கோடு போட்டு. 0.

பிறகுதான் தெரிந்தது,
பாதிக்கு மேல் இது எழுத்தே இல்லை,
எழுத்தின் புகைப்படம்.
பழைய தாள்களை ஸ்கேனரில் கவிழ்த்துப் போட்டு
அவசரமாக மூடியிருக்கிறார்கள்.
ஓர் ஓரத்தில் யாருடையதோ கட்டைவிரலும்
பக்கத்தோடு சேர்ந்து பதிவாகியிருக்கிறது.
மென்பொருளுக்கு அதுவும் சாம்பல்,
பிழை 37உம் சாம்பல்.

பொருளடக்கம் 188 என்றது.
188க்குப் போனால் தாளில் 170 என்று அச்சாகியிருக்கிறது.
முன்னால் இருக்கும் ரோமன் எண் பக்கங்கள் பதினெட்டை
அச்சடித்தவர் கணக்கில் சேர்க்கவில்லை,
மென்பொருள் விடவில்லை.
எனக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.
இதே புளோக்கில் ஒரு காலத்தில்
மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பதில்தான் வாய் திறக்கும்.
ஏழாம் மாடிக்காரர்கள்
ஒன்பதில் இறங்கிக் கீழே நடந்தார்கள்,
அரிசி மூட்டையோடு.

"ஆன்ட்டி, இன்னும் எவ்வளவு நேரம்?"
படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு பையன்,
தோளில் ஸ்கூட்டர்.
"இருநூற்றாறாம் பக்கம் வரைக்கும்."
ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தால்
நம்பியிருக்க மாட்டான்.
இதற்குத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

206.
இரண்டு விரலால் விரிக்கிறேன்,
கிரீஸ் பட்டு வரைபடம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.
நான் குனிந்தால் பக்கம் படுத்துக்கொள்கிறது.
நிமிர்ந்தால் எழுந்துகொள்கிறது.
ஓரத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் சதுரம்.
தொட்டேன்.

'படம் தப்பு. மேல் திருகு இல்லை, கீழ்த் திருகு.
மழை நாளில் மட்டும் வரும். அரைச் சுற்று போதும்.
பதறாதே. முதலில் ஏதாவது குடி.'
எழுதியவர்: அறியப்படாத பயனர்.

ரோஸ்லி என்று மேற்பார்வையாளர் சொன்னார்.
மார்ச்சில் வேலையை விட்டுவிட்டானாம்.
காலணி, நுழைவு அட்டை, சாவிக்கொத்து
எல்லாம் எண்ணித் திருப்பிக் கொடுத்தானாம்.
பெயரை அவன் கொடுக்கவில்லை.
கணக்கை மூடியபோது அதுவும் போய்விட்டது.
நான் அவனைப் பார்த்ததில்லை.
தொண்ணூற்று நான்கு மஞ்சள் சதுரங்களாகத் தெரியும்.
231இல் 'இங்கே சம்பல் கொட்டிவிட்டது, மன்னிக்கவும்'.
திரை சுத்தமாகத்தான் இருக்கிறது.
318இல் வெறுமனே 'கால் வலி'.

வெந்நீர்க் குடுவையிலிருந்து ஒரு வாய் குடித்தேன்.
கீழ்த் திருகு. அரைச் சுற்று.
ஒன்றும் ஆகவில்லை.
இன்னும் கால் சுற்று.
எங்கோ கீழே ஒரு முனகல்,
பிறகு கம்பிகள் விறைக்கும் ஓசை.

பையன் இறங்கி ஓடினான்.

சதுரத்தின் கீழே எழுதினேன்:
'அரை போதாது. முக்கால்.'
எழுதியவர் பெயர்? என்று கேட்டது.
யோகமலர் என்று அடித்தேன்.
கொஞ்சம் யோசித்து, ஒரு காற்புள்ளி வைத்து
ரோஸ்லி என்றும் சேர்த்தேன்.
அந்தக் கட்டத்தில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது.

மாற்றங்களைச் சேமிக்கவா?

பதின்மூன்று பொத்தானையும் பையன் அமுக்கிவிட்டான் போல,
ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடுகிறது.
பத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது.
நான் போய்ப் பார்த்தபோது
கீரைக் கட்டைக் காணோம்.